முகத்தைப் பார்த்து என்ன தெரியும்?

அன்றைக்கு போனில் வைத்தியம் கேட்ட ஒரு பெண்ணுக்கு டாக்டராக நான் சொன்ன பதில் விதிப்படி சரிதான். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் (போன், வீடியோ வழி வைத்தியம்) நெறிமுறைப்படி, ஒருவர் முதல் தடவையாக, அதுவும் வெறும் குரலில் பேசினால் பாராசிட்டமால், ஓஆர்எஸ் வகையறாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் எழுத வீடியோவாவது வேண்டும். அந்தப் பெண் வீடியோவுக்கு வரவில்லை. நான் ஆன்டிபயாடிக் எழுதவில்லை.

திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனி ஹாஸ்டலில் இருந்து பேசினார். சிறுநீர் போகும்போது எரிச்சல், போய்விட்டு வந்தவுடன் மறுபடியும் முட்டுகிறது. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குக் கீழே முதுகில் வலி எதுவும் இல்லை. ராத்திரியில் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய கேஸ் இல்லை, ஆனால் தாங்கிக்கொண்டு தூங்கவும் முடியாது. போன் வழி வைத்தியமே இந்த மாதிரி கேஸுக்குத்தான் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

"நாள் ஏதும் தள்ளிப்போயிருக்காம்மா?"

"பக்கத்துல ஆளுங்க இருக்காங்க மேடம்."

"சரி, ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லு."

"இல்ல."

அந்த 'இல்ல' எனக்குச் சொன்னதா, அறையில் இருந்தவர்களுக்குச் சொன்னதா? கிளினிக்காக இருந்தால் கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு இன்னொரு தடவை கேட்டிருப்பேன். சந்தேகம் தீராவிட்டால் கர்ப்பமா என்று பார்க்க ஒரு கார்டு டெஸ்ட். கர்ப்பமாக இருந்தால் கொடுக்கிற மருந்தும் மாறும், எந்தக் கிருமி என்று அறிய யூரின் கல்ச்சரும் பார்க்க வேண்டும். போனில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வீடியோவை ஆன் பண்ணச் சொன்னேன். "முகத்தைப் பார்த்து என்ன மேடம் தெரியும்?" என்றார். வாயாடவில்லை, நிஜமாகவே கேட்டார். தோல் தடிப்பு, சிவந்த கண் என்றால் வீடியோ உதவும். சிறுநீர் எரிச்சலுக்கு ஒன்றும் தெரியாது. "ரூல்ஸ் அப்படிம்மா" என்றேன். அந்த வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது. என்னைத் தடுத்தது ரூல்ஸ் இல்லை, அந்த 'இல்ல'. அதைச் சொன்னால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். ரூல்ஸ் என்றால் யார் மேலும் பழி இல்லை, பேச்சும் முடிந்துவிடும்.

காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் யூரின் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். ஷிப்ட் இருக்கிறது, போனால் அன்றைய சம்பளம் போச்சு என்றார். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னபோது சிரித்தேவிட்டார். "தண்ணி குடிச்சா அடிக்கடி பாத்ரூம் போகணும். லைன்ல இருந்து யாரு மேடம் விடுவா?" நோய்க்கான காரணமே அதுவாக இருக்கலாம். அதற்கு என்னிடம் எந்த மாத்திரையும் இல்லை. காய்ச்சலோ முதுகுவலியோ வந்தால் ஷிப்ட் எல்லாம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். கேட்டுக்கொண்டாரா தெரியாது.

உடன் வேலை பார்க்கும் ஒருவர், "எழுதிக் கொடுத்து ஏதாவது ஆகியிருந்தால் உன் லைசென்ஸ்தான் போயிருக்கும்" என்கிறார். நியாயம்தான். ஆனால் மருந்தை மறுத்ததால் அவர் மருந்தே சாப்பிடாமல் இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் விவரம் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கியிருப்பார். அங்கே நாள் தள்ளிப்போனதைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதை நினைத்தால் நானே எழுதியிருக்கலாமோ என்று தோன்றும். அடுத்த நிமிடமே அந்த 'இல்ல' காதில் விழும்.

இப்போதெல்லாம் எடுத்ததும் "தனியா பேச முடியுமா?" என்றுதான் கேட்கிறேன். பாதிப் பேர் முடியாது என்கிறார்கள்.