பசிக்குப் பயமில்லை: ஒரு பாம்பன் நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 14

இன்று நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். ஜூன் 14 வரை, 61 நாளைக்கு விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. ஊரில் பலருக்கு வேலை நிற்கும் இந்த இரண்டு மாதம்தான், என்னைப் போல் எஞ்சின் வேலை பார்ப்பவனுக்கு மூச்சு விட நேரம் இல்லாத காலம். படகு முதலாளிகளான எல்லாச் சம்மாட்டிகளுக்கும் ஒரே நேரத்தில் எஞ்சினை இறக்க வேண்டும், ரிங் மாற்ற வேண்டும், இன்ஜெக்டர் பார்க்க வேண்டும்.

"சிகரெட்ட வேலை குறைந்த மாசமாப் பார்த்து விடக்கூடாதாங்க?" என்று வீட்டில் கேட்டாள். நான் யோசித்துத்தான் இந்த நாளை வைத்தேன். சிகரெட் கை தேடுகிற எல்லா நேரமும் இந்த இரண்டு மாதத்துக்குள் வந்துவிடும்: ராத்திரி வேலை, சம்மாட்டியின் சத்தம், டீக்கடை, பழுது என்னவென்று பிடிபடாத எஞ்சின். இங்கே தாங்கினால் அப்புறம் எங்கேயும் தாங்கலாம்.

எனக்கு வயது 34. எடை 64 கிலோ, உயரம் ஐந்தடி ஒன்பது. பத்தொன்பது வயதில் தொட்ட பழக்கம், இப்போது நாளுக்கு ஒரு பாக்கெட்டைத் தாண்டுகிறது. பொங்கலுக்குப் பிறகு தங்கச்சிமடத்தில் ஜிம் சேர்ந்தேன். கை கால் வலிப்பதற்கு முன்பே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறேன். அதற்குக் காரணம் தெளிவு. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தசைக்குப் போக வேண்டிய ஆக்சிஜனுக்கு இடம் இருக்காது. இப்படி இருந்துகொண்டு எடை தூக்குவதில் எனக்கு இனி சம்மதம் இல்லை.

ஏப்ரல் 15

காலையில் பாக்கெட் மேல் அச்சடித்திருக்கும் 1800-112-356 எண்ணுக்குப் போன் செய்தேன். காசு இல்லை. தமிழிலேயே பேசினார்கள். எந்த நேரத்தில் முதல் சிகரெட் பிடிப்பேன் என்று கேட்டார்கள். எழுந்த உடனே என்றேன். அப்படியென்றால் நிக்கோட்டின் பிடிப்பு அதிகம் என்றார்கள். ராமநாதபுரத்தில் மருத்துவர் ஒருவரையும் பார்த்து, நிக்கோட்டின் சூயிங்கம் 4 மில்லிகிராம் வாங்கி வந்தேன்.

மருத்துவர் சொன்ன ஒரு விஷயம் மனதில் நிற்கிறது. சிகரெட்டை நிறுத்தி ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு சாதாரண நிலைக்கு இறங்கிவிடுமாம். பதினைந்து வருடத்துப் புகை, இரண்டு நாளில் ரத்தத்தை விடுகிறது. இதைக் கேட்டதும் எனக்குப் பெரிய தெம்பு.

ஏப்ரல் 17

தெற்குவாடியில் எஞ்சின் ஹெட் இறக்கும் வேலை. போல்ட் ஒன்று துருப்பிடித்து அசைய மறுக்கிறது. மேலே வெயில், பக்கத்தில் சம்மாட்டி நின்றுகொண்டு "இன்னும் எம்புட்டு நேரம்?" என்கிறார். கை நடுங்குகிறது. முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சம் என்று சொல்லியிருந்தார்கள், அது இதுதான்.

ஸ்பேனரை வைத்துவிட்டுக் கரையோரம் நடந்தேன். சூயிங்கத்தை வாயில் போட்டு மெதுவாக நாலைந்து மெல்லு. நாக்கில் மிளகுக் காரம் ஏறியதும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கினேன். காரம் அடங்கியதும் மறுபடி நாலு மெல்லு. அரை மணி நேரம் இப்படியே. மிட்டாய் மாதிரி மென்று விழுங்கினால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் வரும். வாயின் உட்தோல் வழியாகத்தான் அது ரத்தத்தில் சேர வேண்டும்.

கரையில் ஏற்றியிருந்த படகின் விளிம்பைப் பிடித்துச் சாய்வாகத் தண்டால் எடுத்தேன், கை ஓயும் வரை. ஆசை என்பது ஒரு சில நிமிடங்கள்தான் உச்சத்தில் நிற்கிறது. தண்டால் முடிந்தபோது அதுவும் இறங்கியிருந்தது. திரும்பி வந்து போல்ட்டில் டீசலை ஊற்றி ஊறவிட்டு, ராத்திரி கழற்றினேன்.

ஏப்ரல் 20

ஈஸ்டர். தெருவே கலகலப்பு. எனக்கோ தூக்கம் இல்லை. படுத்தால் நெஞ்சு படபடக்கிறது. சிகரெட் விட்டதால் என்றுதான் நினைத்தேன். பாதிக் காரணம் டீ.

இது எல்லோருக்கும் தெரிய வேண்டும். புகையில் இருக்கும் சில வேதிப்பொருட்கள், கஃபீனை உடைக்கும் கல்லீரல் நொதியை வேகப்படுத்தி வைத்திருக்கும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் போய்விடும். அப்போது பழைய அளவு டீ குடித்தால் கஃபீன் உடம்பில் அதிக நேரம் தங்குகிறது. படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். அந்தக் கஷ்டத்தைச் சிகரெட் இல்லாத கஷ்டம் என்று நினைத்து எத்தனை பேர் மறுபடி பற்ற வைத்திருப்பார்களோ! டீயைப் பாதியாக்கினேன், மதியத்துக்குப் பிறகு இல்லை. சூயிங்கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ கூடாது என்பதும் இதற்கு வசதியாகப் போயிற்று.

இன்னொன்று, யாரும் வெளியே பேசாதது: மலச்சிக்கல். புகையை நிறுத்திய பலருக்கு வரும். தண்ணீர், வாழைப்பழம், காலையில் நீராகாரம். சரியாகிவிட்டது.

ஏப்ரல் 26

பசி. இப்படி ஒரு பசியை நான் பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு பார்த்ததில்லை. காலையில் பழைய சோறு சாப்பிட்டுப் பத்து மணிக்கு மறுபடி வயிறு கேட்கிறது. காரல் மீன் சொதியின் மணம் தெருமுனையிலேயே தெரிகிறது.

ஜிம்மில் பையன்கள் சொல்கிறார்கள்: "அண்ணே, சிகரெட்ட விட்டா தொப்ப விழும். கட்டிங் (கொழுப்பக் கொறைக்கிறது) முடிச்சிட்டு விடுங்க." இந்தப் பேச்சுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. உடம்பு கட்ட வந்த இருபது வயதுப் பையன், உடம்பு மெலிவாகத் தெரிய வேண்டும் என்று சிகரெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

எடை கூடும் என்பது உண்மை. நிக்கோட்டின் பசியை அமுக்கும், சும்மா இருக்கும்போதும் உடம்பு எரிக்கும் சக்தியைக் கொஞ்சம் கூட்டி வைக்கும். இரண்டும் போய்விடுவதால், விட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரியாக 4, 5 கிலோ கூடுகிறது. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். ஆனால் 64 கிலோவில் விலா எலும்பு தெரிய நிற்பவனுக்கு இது நஷ்டமா? தசை ஏறுவதற்கு வேண்டியது சாப்பாடும் எடைப் பயிற்சியும் தூக்கமும். பதினைந்து வருடமாக ஒரு புகை என் பசியைத் திருடி வைத்திருந்தது. இப்போது பசி திரும்பியிருக்கிறது. அதைப் பட்டினி போட மாட்டேன், அதற்கு வேலை கொடுப்பேன். இந்தத் தடைக்காலத்துக்கு என் திட்டம் அவ்வளவுதான்.

மே 5

நேற்று கத்திரி பிறந்தது. பட்டறைத் தகரத்துக்குக் கீழே நிற்க முடியவில்லை. ஜிம்முக்கு விடியற்காலையிலேயே போய்விடுகிறேன்.

சாப்பாட்டுக் கணக்கு எழுதி வைக்கிறேன். உடம்பு ஏற்றுகிறவனுக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 1.6 கிராம் புரதம் போதும் என்கிறார்கள். எனக்கு 100 கிராம் சுற்றி வருகிறது. மீன் ஊரில் இது ஒரு பிரச்சினையா என்று கேட்கலாம். தடைக்காலத்தில் பிரச்சினைதான். விசைப்படகு நின்றதால் மீன் விலை ஏறிவிட்டது. சீலாவும் பாறை மீனும் கேட்கவே முடியாத விலை. ஆனால் நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, கரைவலையும் உண்டு. சூடையும் நெத்திலியும் காரலும் வருகின்றன. புரதத்தில் சின்ன மீன் பெரிய மீனுக்குக் குறைந்ததில்லை. 100 கிராமுக்கு 20 கிராம் சுமார். நெத்திலியை முள்ளோடு தின்பதால் கால்சியமும் சேர்கிறது. கால் கிலோ மீனில் 50 கிராம் புரதம், நாலு முட்டையில் 25, ஒரு கை நிலக்கடலையில் 7, 8, மீதி சோறு பருப்பு சுண்டலில். டப்பாவில் வரும் புரத மாவு வாங்கவில்லை. அதற்குப் போகிற காசில் வீட்டில் எல்லோரும் முட்டை சாப்பிடலாம்.

கருவாடு மட்டும் அளவோடு. உப்பு அதிகம்.

பத்து மணிப் பசிக்கு, முன்பு சிகரெட் பிடித்த அதே நேரத்தில், நுங்கு. உச்சிப்புளிப் பக்கம் இருந்து சைக்கிளில் கொண்டு வருகிறார் ஒருவர். வெட்டிய நுங்குக் கண்ணில் கட்டைவிரலை விட்டு நோண்டித் தின்னும்போது கை இரண்டுக்கும் வேலை இருக்கிறது. கைக்கு வேலை இருப்பது பெரிய விஷயம்.

மே 13

கொஞ்ச நாளாகச் சளியோடு இருமல். விட்ட பிறகு இருமல் கூடுகிறதே என்று வீட்டில் பயந்தார்கள். மூச்சுக்குழாயின் உள்ளே இருக்கும் நுண்மயிர்கள் அழுக்கை மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியவை. புகை அவற்றை முடக்கிப் போட்டிருந்தது. இப்போது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டன. ரத்தம் வந்தாலோ வாரக்கணக்கில் நிற்காவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். எனக்குக் குறைந்து வருகிறது.

முந்தாநாள் சின்னப்பாலத்தில் அத்தையைப் பார்க்கப் போனேன். அத்தை கடல்பாசி எடுப்பவர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவுக்குள் போன பிறகு இந்தப் பெண்கள் பட்ட பாடு தனிக் கதை. கண்ணாடியை மாட்டி, விரல்களில் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இறங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து இடுப்புப் பையில் திணித்துவிட்டு மேலே வருவார். அறுபதை நெருங்குகிறார். சிலிண்டர் கிடையாது, பயிற்சி தந்த மாஸ்டரும் கிடையாது.

மூச்சு எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். என் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, "இழு" என்றார். இழுத்தேன். "தோள் ஏன் மருமகனே எந்திரிக்குது? தோளு கீழ கெடக்கட்டும். என் கையத் தள்ளு" என்றார். நாலைந்து முறை தள்ளிய பிறகுதான் விட்டார். மறுநாள் ஜிம்மில் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடைக் கம்பியைத் தூக்குவது) எடுக்கும்போது, கம்பியைப் பிடிப்பதற்கு முன் அதே மூச்சு. வயிறு நாலாப் பக்கமும் இறுகி முதுகு அசையாமல் நின்றது. ஜிம் மாஸ்டர் மூன்று மாதமாகச் சொல்லி எனக்கு ஏறாதது இது.

மே 21

உறவில் ஒரு சாவு. பந்தலுக்கு வெளியே ஆண்கள் எல்லோரும் பீடியோடு. துக்கத்தில் நீட்டுகிற பீடியை வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். கையில் தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டு, வந்தவர்களுக்கு ஊற்றப் போய்விட்டேன்.

மே 29

எடை 67.5 கிலோ. இடுப்பு ஓர் அங்குலம் கூடியிருக்கிறது, தொடையும் நெஞ்சும் அதைவிட. டெட்லிஃப்ட் 60 கிலோவிலிருந்து 85க்கு வந்திருக்கிறது. எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் இப்போது தொடை ஓய்ந்துதான் நிற்கிறேன், மூச்சு ஓய்ந்து அல்ல.

ஏறியதில் எல்லாம் தசை இல்லை, கொழுப்பும் தண்ணீரும் உண்டு. மாஸ்டர் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார். அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார், ஆனால் இப்போது கேட்க மாட்டேன். வயிறு காய்ந்த நாட்களில்தான் எனக்குப் புகை நினைப்பு கடுமையாக வருகிறது, இதை நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். ஓர் அங்குல இடுப்பை ஆறு மாதம் கழித்தும் குறைக்கலாம். மறுபடி புகைக்குள் போய்விட்டால் குறைப்பதற்கு என்ன இருக்கிறது? சீனி டீ, ராத்திரிப் பரோட்டா இரண்டையும் மட்டும் நிறுத்தினேன். சோற்றில் கை வைக்கவில்லை.

ஜூன் 7

பக்ரீத். மண்டபத்து நண்பன் வீட்டில் பிரியாணி, வயிறு நிறைய. சாப்பிட்டு முடித்ததும் வாசலுக்குப் போய்ப் பற்ற வைப்பது எங்கள் பல வருடத்து வழக்கம். அவன் எழுந்தான், என்னைப் பார்த்தான், திரும்ப உட்கார்ந்துவிட்டான். "போ மச்சான், நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றேன். போகவில்லை. அவனுடைய அத்தாவுக்கு நுரையீரல் அடைப்பு நோய், உள்ளறையில் படுத்திருக்கிறார். அவர் மூச்சு இழுக்கும் சத்தம் கூடத்துக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

ஜூன் 11

எல்லா எஞ்சினும் ஏறிவிட்டன. பகல் முழுக்க ஓட்டிப் பார்க்கும் வேலை. ஹெட்டை நானே கைகொடுத்துத் தூக்கி வைத்தேன், சென்ற வருடம் மூன்று பேர் வேண்டியிருந்தது. சூயிங்கம் பெரும்பாலும் காலையிலும் ராத்திரி வேலையிலும் மட்டும்தான். சட்டென்று நிறுத்தாமல், மூன்று மாத அளவில் படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். ஜூலைப் பாதி வரை போகும்.

சாயங்காலம் கை கழுவும்போது, என்னோடு வேலை பார்க்கும் தம்பி கேட்டான்: "அண்ணே, அந்தச் சூயிங்கம் ஒண்ணு குடுங்க." உடனே கொடுக்கவில்லை. எழுந்த எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட், ஒரு நாளைக்கு எத்தனை, நெஞ்சுக் கோளாறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவன் போனில் 1800-112-356 எண்ணைப் பதிந்து கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் மருத்துவரைப் பார்க்கப் போகிறோம், இரண்டு பேரும் என் வண்டியில்.