மக்கோலா சந்தையின் அம்மாக்கள்

கானாவின் தலைநகர் அக்ராவில் குடித்தனம் தொடங்கிய புதிதில் காய்கறி வாங்கப் பெரிய ஏசி கடைகளுக்குத்தான் போவோம். மக்கோலா சந்தையில் நெரிசல் அதிகம், விலை தெரியாதவர்கள் ஏமாந்துவிடுவார்கள் என்று இங்கே முன்பே வந்த நம்மவர்கள் சொல்லியிருந்தார்கள். மாடியில் குடியிருக்கும் கானா நாட்டு ஆசிரியை ஒருவர்தான் "வா, நான் கூட்டிப்போகிறேன்" என்றார். இப்போது வாரம் தவறாமல் போகிறேன். இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

சந்தை முழுக்கப் பெண்கள். துணி, மீன், கிழங்கு, பாத்திரம் என்று எதை எடுத்தாலும் கல்லாவில் ஒரு பெண். வடக்கு மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த காயாயே என்னும் இளம்பெண்கள், தலையில் அலுமினியப் பேசினைச் சுமந்தபடி சந்து சந்தாக ஓடுகிறார்கள். அந்த வெயிலில் அவர்கள் வாங்கும் கூலி எவ்வளவு சொற்பம் என்று பார்க்கும்போது நெஞ்சு வலிக்கும்.

நான் கரி (மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் புளிக்கவைத்து வறுத்த குருணை) வாங்கும் அம்மா, 'ஒலொங்கா' என்கிற தகர டப்பாவில் அளப்பார். விளிம்புவரை நிரப்பி, அதன்மேல் கூம்பாகக் குவித்து, சரியும்வரை கைவிட மாட்டார். "மாமே, தோ சோ" என்றால் இன்னும் ஒரு கை கொசுறு விழும். பழகிய சில நாளிலேயே அவர் என்னிடம் கேட்டது: "நீ என்ன விற்கிறாய்?" கணவர் என்ன வேலை என்று அவர் கேட்கவே இல்லை. இங்குள்ள அக்கான் இன மக்களிடையே சொத்துரிமை தாய்வழியில் வருகிறது. கணவன் பணம் வேறு, மனைவி பணம் வேறு. பெண்ணென்றால் அவளுக்கென்று ஒரு தொழில் இருக்கும் என்பது அவருக்குச் சந்தேகமில்லாத விஷயம்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை உண்டு. அக்கான் ஊர்களில் தலைவருக்கு இணையாக ஒஹெமா என்னும் ராணித்தாய் இருப்பார். அடுத்த தலைவரை முன்மொழிவதே அவர்தான். 1900-இல் ஆங்கிலேயரை எதிர்த்து, அக்கான் இனத்தின் ஒரு பிரிவான அசாந்தேக்களின் படையை நடத்திய யா அசாந்தேவா, எஜிசு என்னும் ஊரின் ராணித்தாய். சந்தையிலும் அதே ஏற்பாடு. தக்காளிக்கு ஒரு ஒஹெமா, யாம் கிழங்குக்கு ஒரு ஒஹெமா. லாரி வந்தால் யார் சரக்கு முதலில் இறங்கும், தகராறு வந்தால் யார் பக்கம் நியாயம், உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் எவ்வளவு வசூல் என்பதையெல்லாம் அவர் முடிவுசெய்வார்.

சரக்கைத் தடுத்து விலையை ஏற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இவர்கள்மேல் எப்போதும் உண்டு. சங்கத்தில் இல்லாதவர் எளிதில் சரக்கு இறக்க முடியாது என்பது உண்மைதான். புதிதாக வருபவருக்கு அது கஷ்டம். ஆனால் வறட்சி மாதங்களில் புர்கினா ஃபாசோ வரை லாரியோடு போய், தோட்டத்திலேயே பணம் கொடுத்துத் தக்காளி வாங்கிவந்ததும் இதே பெண்கள்தான். வழியில் வண்டி நின்று சரக்கு அழுகினால் நஷ்டம் முழுக்க அவர்கள் தலையில்.

1979-இல் விமானப்படை அதிகாரி ராலிங்ஸ் தலைமையில் ராணுவத்தினர் ஆட்சியைப் பிடித்தபோது, பதுக்கல்காரிகள் என்று பழிசுமத்தி இவர்களை அடித்தார்கள். ஆகஸ்ட் 18 அன்று மக்கோலா முதலாம் எண் சந்தையைத் தரைமட்டமாக்கினார்கள். விலைவாசி அதனால் அடங்கிவிடவில்லை. அந்த இடத்துக்கு இன்று ராலிங்ஸ் பார்க் என்று பெயர். சுற்றிலும் மறுபடி பெண்கள் கடை விரித்திருக்கிறார்கள். ஒரு நாட்டின் பொருளாதாரம் சீர்குலைந்ததற்குத் தக்காளி விற்றவளைத் தண்டித்த அந்த அநியாயத்தை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

வியாபாரத்துக்கு முதல் எங்கிருந்து வருகிறது? பலருக்குச் சுசுதான். நம்மூர்த் தண்டல்காரர் மாதிரி ஒருவர் தினமும் அட்டையோடு வருவார். ஆனால் இங்கே அவர் வாங்குவது கடன் தவணை இல்லை, சேமிப்பு. மாதமெல்லாம் ஒரே தொகை. முடிவில் ஒருநாள் தொகையைக் கூலியாக எடுத்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார். அதில் அடுத்த மூட்டை வரும்.

கடைகளில் இன்றும் கிடைக்கும் ந்குலேனு கம்பெனியின் எண்ணெய்ப்பனைப் பழச் சூப் டின்னுக்குப் பின்னாலும் இப்படி ஒரு சிறு முதல்தான். எஸ்தர் ஒக்லூ தன் அத்தை தந்த 10 ஷில்லிங்கில் ஆரஞ்சும் சர்க்கரையும் வாங்கி மர்மலேட் காய்ச்சி விற்றார். 1942-இல் அந்த ந்குலேனு கம்பெனியைத் தொடங்கினார். ஏழைப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க வேண்டுமென்று 1979-இல் உமன்ஸ் வேர்ல்ட் பேங்கிங் அமைப்பை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். கூட நின்றவர் நம் அகமதாபாத்தில் 'சேவா' என்னும் பெண் தொழிலாளர் சங்கத்தை நிறுவிய இலா பட். மக்கோலா இடிந்த அதே ஆண்டு.

கரி விற்கும் அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சந்தையில் விற்பனை செய்வதைக் கானா நாட்டவருக்கே 2013 முதலீட்டுச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. அது சரியென்றே நினைக்கிறேன். வெளியூர்ப் பணம் உள்ளே புகுந்தால் இந்த ஒலொங்கா வியாபாரம் தாங்காது. கோவையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான் என்று சொன்னேன். கல்லூரியில் படிக்கும் தன் மகளை அழைத்துவந்து உட்காரவைத்தார். கடை அடுத்து அவளுக்குத்தான். அம்மா மனக்கணக்காகவே வைத்திருக்கும் கடன் பாக்கிகளைச் சனிக்கிழமைகளில் நானும் அவளும் நோட்டில் ஏற்றுகிறோம். எந்தப் பாக்கியை எழுத வேண்டாம், எது வராத பணம் என்பதை மட்டும் அம்மா பக்கத்தில் இருந்து சொல்கிறார்.