கெயின் என்று முடியும் சொட்டு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று எங்கே பார்த்தாலும் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை. கம்பிக் கிராதியை வெட்டுகிறார்கள், துருவைத் தேய்க்கிறார்கள், பற்றவைக்கிறார்கள். கண்ணில் பொறி விழுந்தவருக்குத் தூசி எடுக்கும் முன் 0.5 சதவீத புரோபராக்கெயின் என்ற மரப்பு மருந்து ஒரு சொட்டு விடுவோம். அரை நிமிடத்தில் மரத்துப்போகும். கால் மணி நேரம் தாங்கும். ஊசி முனையால் துகளை எடுத்து, இரும்புத் துகள் விட்டுப்போன துரு வளையத்தைச் சுரண்ட அது போதும்.

அந்தக் கால் மணி நேரச் சுகம்தான் வினை. "இந்தச் சொட்டையே எழுதிக் குடுங்க" என்பார்கள். மறுத்தால் பாட்டிலின் பெயரைப் பார்த்து வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவார்கள். 5 மில்லி பாட்டிலில் நூறு சொட்டாவது இருக்கும். பட்டறை முழுக்கச் சுற்றிவரும். வெல்டிங் வெளிச்சம் பட்ட கண் வேலை நேரத்தில் சும்மா இருந்துவிட்டு, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, மண்ணை அள்ளிப் போட்டது போல் நடுராத்திரியில் எரியும். பக்கத்தில் பாட்டில் இருந்தால் கை சும்மா இருக்குமா?

கருவிழியின் மேல்தோல் சாதாரணக் கீறலை ஓரிரு நாளில் தானே மூடிவிடும். ஓரத்துச் செல்கள் நகர்ந்து வந்து புண்ணை மூட வேண்டும். இந்த மருந்து அந்த நகர்வையே தடுக்கிறது, செல்களையும் கொல்கிறது. மரத்த கண் சிமிட்டுவதும் நீர் சுரப்பதும் குறையும். தேய்த்தாலும் தெரியாது. பாட்டிலில் உள்ள பதனப்பொருளான பென்சால்கோனியம் குளோரைடு அதன் பங்குக்கு அரிக்கும். புண் பெரிதாக, மருந்து தெளிந்ததும் வலி முன்பைவிடக் கூடும், மறுபடி சொட்டு. இரண்டு மணிக்கொரு தரம் என்பது அரை மணிக்கொரு தரமாகும்.

பிறகு கருவிழியில் வெள்ளை வளையம் தெரியும், உள்ளே சீழ் தேங்கும். பார்வைக்கு அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் கிருமியின் புண் போலவே இருக்கும். சுரண்டி எடுத்த மாதிரியில் கிருமி வளராது. ஆனாலும் வாரக்கணக்கில் கிருமி மருந்து ஓடும். நோயாளி பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. "வேற என்ன சொட்டு விடுறீங்க?" என்றால் "ஒண்ணுமில்லை" என்பார். "வீட்ல இருக்கிற பாட்டில் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்கண்ணே" என்பதே சரியான கேள்வி. புரோபராக்கெயின், டெட்ராக்கெயின், லிக்னோகெயின் என்று பெயர் 'கெயின்' என முடிந்தால் விடை கிடைத்துவிட்டது. நாமே மரப்பு மருந்து விடுவதற்கு முன் பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டுப் பார்ப்பதும் உதவும்: கடுமையான வலி என்கிறவர் தொட்டால் சிமிட்டுவதில்லை.

சிகிச்சையில் முதல் வேலை அந்தப் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்வது. நிறுத்திய முதல் சில நாள் வலி கொல்லும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் அடுத்த பாட்டில் வாங்கிவிடுவார். வலி மாத்திரை, பாப்பாவை விரித்து வலி குறைக்கும் ஹோமட்ரோப்பின், கிருமி தொற்றாமல் காக்கும் மாக்சிஃப்ளாக்சசின், பதனப்பொருள் இல்லாத கண்ணீர்ச் சொட்டு கொடுத்து, தினமும் ஃப்ளோரசின் சாயம் போட்டுப் புண்ணை அளக்க வேண்டும். மூடாவிட்டால் புண்ணுக்குக் கட்டுப் போல மேலே வைக்கும் கட்டு லென்ஸ், அல்லது பனிக்குடச் சவ்வால் மூடுவது. ஓட்டை விழுந்தாலோ நடுவில் தழும்பு நின்றாலோ கருவிழி மாற்று வரை போகும்.

வெளிநாட்டு அவசரப் பிரிவுகள் சில, எளிய கீறலுக்கு 24 மணி நேர அளவு, 2 மில்லிக்குள், இந்தச் சொட்டைக் கொடுத்தனுப்பலாம் என்கின்றன. அளந்து ஊற்றிக் கொடுத்து, மறுநாள் வரவழைக்க முடிகிற இடத்தில் சரி. முழுப் பாட்டில் கருவிப்பெட்டியில் கிடக்கும் இடத்துக்கு அது பொருந்தாது. பரிசோதனை மேசையில் பாட்டிலை விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகும் பழக்கத்தையும் இங்கேயே நிறுத்தியாக வேண்டும்; அதன் இடம் பூட்டிய குளிர்பெட்டி.