மீண்டும் தள்ளிப்போன தேதி
மனநோய் மட்டுமே காரணம் என்றாலும் மருத்துவ உதவியோடு இறக்க அனுமதிக்கலாமா என்ற விவாதம் கனடாவில் இன்னும் முடியவில்லை. அனுமதி முதலில் 2023-இல் என்றார்கள், அப்புறம் 2024, பிறகு 2027 மார்ச் வரை தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்தது சரி என்பதுதான் என் கட்சி. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல் சட்டம் இருக்கிறது, மனவேதனைக்கும் அதில் இடமுண்டு, ஆனால் தேற வழியே இல்லை என்று மருத்துவர் முடிவுக்கு வர வேண்டும். புற்றுநோய் என்றால் ஸ்கேனைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம், மனச்சோர்வு இனி தீரவே தீராது என்று எதைப் பார்த்துச் சொல்வார்கள்? சாக வேண்டும் என்ற எண்ணமே அந்த நோயின் அறிகுறியாகவும் இருக்கிறதே! அதற்காக, வருடக்கணக்கில் மருந்து மாற்றி மருந்து சாப்பிட்டுக் களைத்தவரிடம் 'மனசைத் தைரியமா வெச்சுக்கோங்க' என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. முதலில் மனநல மருத்துவரைச் சீக்கிரம் பார்க்க வழி செய்யட்டும், சட்டத்தை அப்புறம் பேசலாம்.