பெங்களூரில் 145, சென்னையில் 161: ஒரே எஞ்சின், ஒரே கேஜ்

அல்சூரில் வீட்டு வாசலில் நிற்கும் என் பழைய கார்புரேட்டர் மாருதி 800-இல் இழுவை குறைந்த மாதிரி இருந்தது. கேஜ் மாட்டிக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தேன். முதல் சிலிண்டர் 145, இரண்டாவது 144, மூன்றாவது 134 பி.எஸ்.ஐ. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இதைச் சொன்னதுமே, “ரிங் போயிடுச்சு சார், எஞ்சினை இறக்கிடலாம்” என்றார்கள். 160-க்குக் கீழே எது வந்தாலும் அங்கே ரிங்தான், அதாவது பிஸ்டனைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் வளையம்தான் காரணம்.

அந்த 160 எந்த ஊர்க் கணக்கு என்பதுதான் என் சந்தேகம். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 920 மீட்டர், அதாவது 3000 அடி. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ.; இங்கே 13.2 பக்கம். பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் வரும் காற்றே பத்து சதவீதம் குறைவான அழுத்தத்தில்தான் வருகிறது. எஞ்சின் அதை எத்தனை மடங்கு அழுத்துமோ அத்தனை மடங்குதான் எங்கேயும் அழுத்தும். கேஜ் வெளிக்காற்றை விட எவ்வளவு அதிகம் என்று மட்டும் காட்டும் கருவி என்றாலும் கணக்கு மாறாது. கழிக்க வேண்டிய வெளிக்காற்றும் அதே அளவில் குறைந்திருப்பதால் முள் காட்டும் எண்ணும் அதே பத்து சதவீதம் இறங்கும்.

வீட்டு விசேஷத்துக்குச் சென்னை போக வேண்டியிருந்தது. கேஜையும் பிளக் ஸ்பானரையும் டிக்கியில் போட்டுக்கொண்டேன். வழியில் கிருஷ்ணகிரியிலும் ஒரு அளவு எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளைகளை வண்டியில் வைத்துக்கொண்டு பிளக் கழற்ற வீட்டு அம்மாவிடம் அனுமதி கிடைக்கவில்லை.

மச்சான் வீட்டு வாசலில் அளந்தோம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, காயிலுக்குப் போகும் வயரைப் பிடுங்கியாயிற்று. சோக் திறந்திருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தியிருக்க வேண்டும். இதை விட்டால் உயரமும் கிடையாது, ஒன்றும் கிடையாது; காற்றே உள்ளே போகாமல் எண் தரைமட்டமாக வரும். பேட்டரியை இரவே சார்ஜில் போட்டிருந்தேன். மச்சான் செல்ஃப் அடிக்க, நான் முள்ளைப் பார்த்தேன். முதல் இரண்டு சிலிண்டரிலும் முதல் அடியிலேயே முள் துள்ளி நூறைத் தாண்டியது, ஐந்தாறு அடியில் நின்றது. 161, 160. மூன்றாவது 149.

“என்ன மாமா, ஊருக்கு வந்ததும் வண்டிக்கு வயசு குறைஞ்சிடுச்சா?” என்றான் மச்சான்.

பெங்களூர் எண்ணைச் சென்னை எண்ணால் வகுத்துப் பார்த்தால் மூன்றுமே 0.90. என் போனில் காற்றழுத்தம் காட்டும் சென்சார் இருக்கிறது. பெங்களூரில் 908 ஹெக்டோபாஸ்கல், சென்னையில் 1009. அதுவும் 0.90. இந்த எண்ணை வானிலை அறிக்கையிலிருந்து எடுக்கக் கூடாது. அதில் பெங்களூருக்கும் 1010 பக்கம்தான் போட்டிருப்பார்கள். கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட அழுத்தம் அது.

பைக் பழுது பார்ப்பவர்களிடையே ஓர் அட்டவணை புழங்குகிறது: 2500 அடிக்கு 0.933, 3500 அடிக்கு 0.907 என்று. அதன்படி 3000 அடிக்கு 0.92; சென்னையில் 161 காட்டிய முதல் சிலிண்டர் பெங்களூரில் 148 காட்டியிருக்க வேண்டும். அந்த எண்கள் காற்றின் அடர்த்தியோடு ஒத்துப்போகின்றன. மேலே போகப் போகக் குளிரும் என்பதால் அழுத்தம் குறையும் வேகத்தில் அடர்த்தி குறையாது. சூடான எஞ்சினில் கம்ப்ரஷன் பார்க்க அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுவதே சரி என்பது என் கட்சி. ஆனால் என் கேஜில் முள்ளின் தடிமனே இரண்டு பி.எஸ்.ஐ. இருக்கும், அதனால் இதற்காக யாரோடும் சண்டைக்குப் போக மாட்டேன்.

கேஜ் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். காற்றைப் பிடித்து வைக்கும் வால்வு, பிளக் துளைக்குள் திருகும் முனையில் இருக்க வேண்டும். இந்த வண்டியில் ஒரு சிலிண்டர் 265 சி.சி.; பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடம் சுமார் 35 சி.சி.தான். வால்வு கேஜ் பக்கம் இருந்தால் ஹோஸுக்குள் இருக்கும் இடமும் அதோடு சேர்ந்து எண்ணைக் குறைத்துவிடும். அதையும் உயரத்தின் தலையில் கட்ட வேண்டியதுதான்.

ஆக, முதல் இரண்டு சிலிண்டரும் நலம். மூன்றாவது எந்த ஊரிலும் மற்றதை விட ஏழு சதவீதம் கீழே. அதற்கு உயரம் பொறுப்பில்லை. பெங்களூர் திரும்பியதும் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு அளந்தேன். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து எண் நன்றாக ஏறும். 134 இருந்தது 136 ஆனது, அவ்வளவுதான். அப்புறம் வால்வு கவரைக் கழற்றினால், மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் டேப்பட்டில், அதாவது புகை வெளியேறும் வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியில், ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு நுழையவே இல்லை. வால்வு முழுதாக உட்காராமல் காற்றை விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இடைவெளி வைத்து, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி பார்த்தேன்: 142. எஞ்சினை இறக்கவில்லை.

கோடையில் ஊட்டி போகும் யோசனை இருக்கிறது. அங்கே 2240 மீட்டர். கணக்குப்படி முதல் சிலிண்டர் 123 பக்கம் காட்ட வேண்டும். அதற்குள் ஜே.சி. ரோடு போய் வால்வு கவருக்குப் புது கேஸ்கெட் வாங்க வேண்டும், பழையது கசிகிறது.