ஆய்வேட்டின் கடைசி இயல்

முதுகலை மாணவர்களின் திட்ட ஆய்வேடுகள் ஏப்ரல் மாதத்தில் மேசைக்கு வரும்போது நான் முதலில் புரட்டுவது கடைசி இயலைத்தான். புறத்தேர்வாளர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது மாணவர்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்திருந்தால், முன்னுரைக்கும் முன்னாய்வுகளுக்கும் மாதக்கணக்கில் நேரத்தைக் கொடுத்துவிட்டு, முடிவுகளையும் பரிந்துரைகளையும் பைண்டிங் கடைக்குப் போவதற்கு முந்தைய இரவில் எழுதி முடிக்கமாட்டார்கள். அந்த அவசரத்தில் பிறக்கும் இயல் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கிறது: முதல் இயலில் இன்னது கூறப்பட்டது, இரண்டாம் இயலில் இன்னது ஆராயப்பட்டது என்று பொருளடக்கத்தையே வாக்கியங்களாக மாற்றிய இரண்டு பக்கங்கள், அதன்பின், அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும், மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும் என்று எந்த ஆய்வேட்டின் பின்னாலும் ஒட்டிவிடக்கூடிய பரிந்துரைகள்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசுவது எளிது. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. உழைக்கும் பெண்களுக்கு அதனால் விளைந்த பயன் என்ன என்பதை ஒரு மாணவி ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு, தம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பூ விற்பவர்கள், காய்கறி விற்பவர்கள், வீட்டு வேலைக்குச் செல்பவர்கள் என 120 பெண்களிடம் வினாநிரலை நிரப்பி வாங்கியிருக்கிறார் என்று கொள்வோம். மிச்சமாகும் பணம் எதற்குப் போகிறது, வேலைக்கான பயணம் கூடியிருக்கிறதா, பேருந்து நேரம் அவர்கள் வேலை நேரத்தோடு பொருந்துகிறதா என்பவை முதல் இயலில் அவர் எழுப்பிய மூன்று வினாக்கள். கடைசி இயலுக்கு வேண்டியவை அந்த மூன்று வினாக்களுக்கான விடைகளே.

120 பேரில் 84 பேர், மிச்சமாகும் பணம் வீட்டுச் செலவுக்கே போய்விடுகிறது என்று சொன்னதாகக் கொண்டால், அது கண்டறிந்த செய்தி. அதற்குரிய இடம் பகுப்பாய்வு இயல். அதே அட்டவணையையும் விழுக்காட்டையும் கடைசி இயலில் மறுபடி எழுதுவதால் அது முடிவாகிவிடாது. கட்டணச் சலுகை, ஆய்வுக்குட்பட்ட பெண்களிடம் தனிச் சேமிப்பாகத் திரளாமல் அன்றாடக் குடும்பச் செலவில் கரைந்துவிடுகிறது என்று எழுதும்போதுதான் எண்ணின் பொருள் வாசகருக்குக் கிடைக்கிறது. மாணவர்கள் இந்த இடத்தைத் தாண்டும்போது ஒரேயடியாகத் தாண்டிவிடுகிறார்கள். இத்திட்டம் தமிழகப் பெண்களின் பொருளாதார நிலையை உயர்த்தியுள்ளது என்ற வாக்கியம் எப்படியோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஓர் ஊரின் பேருந்து நிலையத்தில், பதில் சொல்ல மனமும் நேரமும் இருந்தவர்களிடம் மட்டும் கேட்டுப் பெற்ற தகவலைக் கொண்டு 38 மாவட்டங்களுக்கும் தீர்ப்பு எழுத முடியாது என்பதை வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் சொல்லிக் கேட்பதைவிட, மாணவரே ஒரு வாக்கியத்தில் எழுதிவிடுவது கௌரவமானது.

இதைவிட நுட்பமான சறுக்கல் ஒன்று உண்டு. வயதுக்கும் பயணப் பயனுக்கும் தொடர்பு உண்டா என்று கை வர்க்கச் சோதனை (chi-square என்னும் புள்ளியியல் சோதனை) செய்து, கிடைத்த p மதிப்பு 0.05 என்ற வழக்கமான வரம்புக்குள் வராவிட்டால், இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சோதனை அவ்வளவு தூரம் சொல்லவில்லை. தொடர்பு இருப்பதாகக் கொள்வதற்கு இந்த மாதிரியில் போதிய சான்று கிடைக்கவில்லை என்பதே அதன் விடை. கருதுகோள் நிறுவப்படவில்லை என்றால் ஆய்வு தோற்றுவிட்டதாக எண்ணி அந்த வினாவையே முடிவுரையில் விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். (நெறியாளர்களில் சிலரே அப்படி விட்டுவிடச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.) எழுப்பிய வினா எதிர்பாராத விடையைத் தந்தாலும் அதைப் பதிவு செய்வதே ஒழுங்கு.

முடிவையும் பரிந்துரையையும் எப்படி இணைப்பது என்று மாணவர்கள் கேட்டால் நான் லண்டன் நகரத்து மருத்துவர் ஜான் ஸ்னோவின் கதையைச் சொல்வது வழக்கம். 1854 ஆகஸ்ட் இறுதியில் சோஹோ பகுதியில் வாந்திபேதி வெடித்துப் பத்து நாட்களுக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கெட்ட காற்றினால் நோய் பரவுகிறது என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. ஸ்னோ இறந்தவர்களின் முகவரிகளைத் திரட்டி, அவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்து, பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றியே இறப்புகள் குவிந்திருப்பதைக் கண்டார். அதோடு அவர் நிற்கவில்லை. அந்தக் கணக்கில் பொருந்தாத இடங்களையும் தேடிப் போனார். அருகிலேயே இருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் தங்கியிருந்தும் ஐந்து பேர் மட்டுமே இறந்திருந்தார்கள். அந்த விடுதிக்குள் தனிக் கிணறு இருந்தது. விதிவிலக்காகத் தோன்றியதே முடிவுக்கு வலுவான சான்றாக மாறியது. நம் மாணவர்கள் பெரும்பான்மையை மட்டும் எழுதிவிட்டு, மாறாகப் பதில் சொன்ன 36 பேரை மறந்துவிடும்போதெல்லாம் எனக்கு இந்த விடுதி நினைவுக்கு வருகிறது.

செப்டம்பர் 7ஆம் நாள் அவர் திருச்சபை வட்டத்தின் நிர்வாகக் குழுவினரிடம் சென்று வைத்த பரிந்துரை ஒன்றே ஒன்றுதான்: அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றும் அதிகாரம் அந்தக் குழுவிடம் இருந்தது, மறுநாளே கழற்றப்பட்டது. கைப்பிடி போனதும் நோய் நின்றது என்று பாடப்புத்தக நடையில் சொல்லப்படுவதை ஸ்னோவே ஏற்றிருக்கமாட்டார். மக்கள் ஏற்கெனவே ஊரைவிட்டு ஓடத் தொடங்கியதால் அதற்கு முன்பே இறப்புகள் வெகுவாகக் குறைந்துவிட்டன என்றும், ஆகவே கிணற்று நீரில் அப்போதும் நஞ்சு இருந்ததா என்று தீர்மானிக்க இயலாது என்றும் 1855இல் அவரே எழுதினார். தம் கொள்கைக்குச் சாதகமாக ஊரே பேசக்கூடிய ஒரு நிகழ்வைத் தாமே அளந்து குறைத்து எழுதிய அந்த நேர்மையை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

இனி நம் மாணவியின் பரிந்துரைகளுக்கு வருவோம். பூ விற்கும் பெண்கள் மொத்தச் சந்தைக்கு விடியுமுன் போய்ச் சேர வேண்டும். முதல் நகரப் பேருந்து ஐந்தரை மணிக்குத்தான் வருகிறது என்றால், போகும்போது ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மட்டுமே கட்டணமில்லாப் பயணச்சீட்டை வாங்குகிறார்கள். மூன்றாவது வினாவுக்குக் கிடைத்த இந்த விடையிலிருந்து, பேருந்துகளின் எண்ணிக்கையை அரசு கூட்ட வேண்டும் என்று எழுதுவது சோம்பல். குறிப்பிட்ட தடத்தில் இரவு கிராமத்தில் தங்கும் பேருந்து காலையில் புறப்படும் நேரத்தை நான்கரை மணிக்கு முன்தள்ளலாம் என்று, பணிமனையின் கிளை மேலாளரை நோக்கி எழுதினால் அது பரிந்துரை. யார், எதை, எந்த இடத்தில் செய்ய வேண்டும் என்பதும், ஆய்வின் எந்த அட்டவணை அதைக் கேட்கிறது என்பதும் அதில் தெரிகின்றன. ஓட்டுநர், நடத்துநரின் பணி நேரம் அதற்கு இடம் தருமா என்று பணிமனையில் ஒருமுறை விசாரித்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

பரிந்துரை எழுதுமுன் நடப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிய பிறகும், அப்படியொரு திட்டத்தை அரசு கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைக்கும் ஆய்வேடுகள் என் கைக்கு வந்திருக்கின்றன. இருக்கும் திட்டம் யாரைச் சென்றடையவில்லை என்று எழுதியிருந்தால் அதே பத்தி பயனுள்ளதாகியிருக்கும். எண்ணிக்கைக்காகப் பத்து எழுதுவதைவிடச் சான்றுள்ள மூன்று போதும். கண்டறிந்தவற்றில் வேர் இல்லாத பரிந்துரை, கருத்து என்ற அளவில் சரியாகவே இருந்தாலும், அந்த ஆய்வேட்டுக்கு உரியதாகாது.

இலக்கிய ஆய்வுகளில் பரிந்துரைக்கு வேலை குறைவு. அங்கே மேலாய்வுக்குரிய களங்கள் என்ற பகுதி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதிலும், இந்நூலைப் பெண்ணிய நோக்கில் ஆராயலாம், சமூகவியல் நோக்கில் ஆராயலாம் என்று அணுகுமுறைகளை அடுக்குவதால் ஒன்றும் ஆவதில்லை. தம் ஆய்வில் விடை கிடைக்காமல் நின்றுபோன வினா எது என்பதை மட்டும் எழுதினால் அடுத்து வருபவருக்கு அது உதவும்.

கடைசி இயலை முடித்த கையோடு ஆய்வுச் சுருக்கத்தையும் எடுத்துத் திருத்த வேண்டும். தலைப்பை ஒப்புதலுக்கு அனுப்பும்போது எழுதிய சுருக்கமே பல ஆய்வேடுகளில் அப்படியே இருந்துவிடுகிறது. அதில் சேமிப்பு பெருகியிருக்கும் என்ற எதிர்பார்ப்பு நிற்க, கடைசி இயல் அது வீட்டுச் செலவில் கரைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கும். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.