34 வாரம் ஆச்சு, ஊருக்கு வரவில்லை

எப்படி இருக்கிறாய், பிரசவத்துக்கு ஊருக்கு எப்போது வருகிறாய் என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். 34 வாரம் முடிந்துவிட்டது. குழந்தை நன்றாக இருக்கிறது. நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், சாயங்காலம் ஆனால் கால் மட்டும் வீங்கிக்கொள்கிறது. பிரஷர் பார்த்தார்கள், நார்மல். டாக்டர் கொடுத்திருக்கிற தேதி நவம்பர் 28. பிரசவம் சென்னையில்தான். தென்காசிக்கு நான் வரவில்லை, அம்மாதான் இங்கே வருகிறாள்.

கடைசி வரியைப் படித்துவிட்டு போனைக் கையில் எடுப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், காரணம் சொல்கிறேன்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் பக்கம் கேள்வியே இல்லாத விஷயம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போடுவார்கள், அன்றைக்கே பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆச்சிக்கு அப்படி, அம்மாவுக்கு அப்படி, என் அக்காவுக்கும் அப்படித்தான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொதிகை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த், காலையில் எழுந்தால் மலை தெரியும், அப்புறம் மூன்று மாதம் அம்மா சமையல் என்று கனவெல்லாம் கண்டாகிவிட்டது. (ரயில்வேயின் கீழ் பெர்த் ஒதுக்கீடு கர்ப்பிணிகளுக்கும் உண்டு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.)

20வது வார ஸ்கேனில் அதில் மண் விழுந்தது. குழந்தையின் இதயம், முதுகெலும்பு, கிட்னி எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டி முடித்துவிட்டு, கடைசியில் அந்த டாக்டரம்மா கருவியை அடிவயிற்றிலேயே வைத்து அழுத்திக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். நஞ்சு, அதாவது பிளசென்டா, கீழே இருக்கிறதாம். கர்ப்பப்பை வாயிலிருந்து 1.4 செ.மீ. தூரத்தில் அதன் ஓரம் இருந்தது, 2 செ.மீ.க்குக் குறைந்தாலே கீழே இருப்பதாகத்தான் கணக்கு. பயப்பட ஒன்றுமில்லை, முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே மேலே போய்விடும், 32வது வாரத்தில் மறுபடி பார்ப்போம், அதுவரை வெயிட் தூக்க வேண்டாம், நீண்ட பயணம் வேண்டாம், ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்றார். "பயப்பட ஒன்றுமில்லை" என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

ஆக வளைகாப்பு சென்னையிலேயே, எங்கள் வாடகை வீட்டு ஹாலில் நடந்தது. புரட்டாசி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆவணியில் அவசர அவசரமாக ஏற்பாடு. ஊரிலிருந்து வேன் பிடித்து வந்துவிட்டார்கள். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று கலவை சாதங்களை அம்மாவும் அத்தையும் ஆளுக்குப் பாதியாகச் செய்தார்கள், யாருடைய புளியோதரை முதலில் காலியானது என்பதை நான் எழுதப் போவதில்லை. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். அதைப் போட்டுக்கொண்டு மீட்டிங்கில் டைப் அடித்தால் மறுமுனையில் இருப்பவர் "ஏதாவது உடைந்ததா" என்று கேட்கிறார். விசேஷம் முடிந்து வேன் கிளம்பும்போது அம்மா மட்டும் ஏறாமல் நின்றாள். கூட்டிக்கொண்டு போகாமல் போவது அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 32வது வார ஸ்கேனில் நஞ்சு மேலே போய்விட்டது, 3.6 செ.மீ. உண்மையில் அது நகர்ந்து போவதில்லையாம், கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி வளர்ந்து விரிய விரிய நஞ்சுக்கும் வாய்க்கும் நடுவே தூரம் கூடிவிடுகிறது, அவ்வளவுதான். சுகப்பிரசவத்துக்கு இப்போதைக்குத் தடை ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இந்தச் சந்தோஷத்தைக் குடும்ப குரூப்பில் போட்ட அரை மணி நேரத்தில் ஊரிலிருந்து போன். "அதான் எல்லாம் சரியாயிட்டுல்லா, இன்னும் என்னத்துக்கு ஏட்டி அங்க கெடக்க? நவம்பர்ல மழைத் தண்ணிக்குள்ள பிள்ளையைப் பெத்துக்கிட்டு எப்படி வெளிய வருவ?"

கேட்டது ஆச்சி. கேள்வி நியாயமானதுதான். நாங்கள் இருப்பது வேளச்சேரி.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும், சென்னைக்கு வருஷத்து மழையில் பெரும்பகுதி இந்த மூன்று மாதத்தில்தான். ஒரு பக்கம் சுருங்கிப்போன ஏரி, இன்னொரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், நடுவில் நாங்கள். ரெட் அலர்ட் என்று செய்தி வந்தாலே ஜனங்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு நடந்து வீட்டுக்கு வரும் ஊர் இது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் படகு வந்தது. 2015 வெள்ளத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை மொட்டை மாடியிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போனார்கள், அவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அந்த வீடியோவை எனக்கு இதுவரை எத்தனை பேர் அனுப்பிவிட்டார்கள் என்று கேட்காதீர்கள். அன்பாகத்தான் அனுப்புகிறீர்கள், தெரியும், போதும்.

ஆனால் மழைக்குப் பயந்து தெற்கே வருவதும் பெரிய பாதுகாப்பு இல்லை. அதே 2023 டிசம்பரில், மிக்ஜாமுக்கு இரண்டு வாரம் கழித்து, நம் பக்கம் என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, தாமிரபரணி ஊருக்குள் வந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. தென்காசி தப்பித்ததே என்பீர்கள். குற்றாலத்தில் தண்ணீர் எப்படிக் கொட்டியது என்று எனக்கு வீடியோ அனுப்பியதும் நீங்கள்தான்.

ஆகவே மழை எங்கேயும் உண்டு. நாங்கள் இங்கேயே இருப்பது என்று முடிவு செய்ததற்கு வேறு காரணங்கள். முதலாவது, மூன்றாம் மாதத்திலிருந்து பார்த்துவரும் டாக்டர் இங்கே இருக்கிறார், நஞ்சு கீழே இருந்த கதை அவருக்கு முழுக்கத் தெரியும். இரண்டாவது இவர். இவருடைய கம்பெனியில் அப்பாவுக்கு லீவு ஐந்து வேலை நாள். தனியார் வேலையில் இருக்கும் அப்பாக்களுக்கு இவ்வளவு நாள் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது, மத்திய அரசு ஊழியர்களுக்காவது 15 நாள் இருக்கிறது. நான் தென்காசியில் இருந்தால் வலி வந்ததும் இவர் ரயிலோ பஸ்ஸோ பிடித்து வந்து, பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஐந்து நாளில் இரண்டைப் பயணத்திலேயே தொலைத்துவிட்டுத் திரும்புவார். அப்புறம் ஒவ்வொரு சனி ஞாயிறும் விருந்தாளி மாதிரி வருவார். அது எனக்குப் பிடிக்கவில்லை. இரவில் பிள்ளை அழும்போது ஏப்பம் வரவைக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க அவரும் வேண்டும். தாய் வீட்டு வழக்கம் எதற்கு வந்தது? மாமியார் வீட்டில் பெண்ணுக்கு ஓய்வு கிடைக்காது என்பதால் வந்தது. இங்கே மாமியார் வீடே இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான், அம்மா வந்துவிட்டால் தாய் வீடும் இங்கேயே வந்துவிட்டது. இதைச் சொன்னபோது ஆச்சி ஒன்றும் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

மழைக்கு ஏற்பாடு செய்யாமல் இல்லை. ஆஸ்பத்திரி கிண்டிப் பக்கம். அதற்கு நடந்து போகும் தூரத்தில் இவருடைய சித்தி வீடு, இரண்டாவது மாடி, 2015இலேயே தெருவில் கணுக்கால் தண்ணீர்தான். 37 வாரம் முடிந்த பிறகு ஆரஞ்சு அலர்ட் வந்தாலே பையோடு அங்கே போய்விடுவது, வலி வரும் வரை காத்திருப்பதில்லை. டாக்டரிடம் கேட்டோம், அதுதான் சரி, தேவைப்பட்டால் முன்கூட்டியே அட்மிட் செய்துகொள்கிறேன் என்றார். புயல் எச்சரிக்கை வந்தால் தேதி நெருங்கிய பெண்களை முன்னாலேயே ஆஸ்பத்திரியில் சேர்ப்பதை அரசாங்கமே செய்கிறது. அதற்கு நம் பெயர் அவர்களிடம் இருக்க வேண்டும். அதனால் தனியார் ஆஸ்பத்திரிதானே என்று பிக்மி பதிவை (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு) விட்டுவிடாதீர்கள். பக்கத்து நகர்ப்புற சுகாதார நிலையத்தில் ஆதாரோடு போனால் பதிந்து 12 இலக்க எண் கொடுப்பார்கள், பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். எங்கள் பகுதி நர்ஸக்கா பதிந்ததோடு விடாமல் "ரத்தம் பார்த்தாச்சா, தடுப்பூசி போட்டாச்சா" என்று போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார். 108, மாநகராட்சியின் 1913 இரண்டையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டியாகிவிட்டது, பவர் பேங்க் இரண்டு, வண்டிக்கு எப்போதும் பெட்ரோல் நிரப்பி வைப்பது இவர் பொறுப்பு.

உடம்பு விஷயம் சுருக்கமாக. ஹீமோகுளோபின் 10.4 இருந்தது, இப்போது 11.2. அம்மா அனுப்பிய முருங்கைக்கீரைப் பொடியால் என்று அம்மா சொல்கிறாள், இரும்பு மாத்திரையால் என்று டாக்டர் சொல்கிறார், இரண்டையும் விடாமல் எடுக்கிறேன். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக்கூடாது, ஒன்றை ஒன்று உடம்பில் சேரவிடாது. காலையில் இரும்பு, அதோடு எலுமிச்சைச் சாறு, காபி இரண்டு மணி நேரம் கழித்து. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கால்சியம். அந்தக் காபி தாமதம்தான் இந்தக் கர்ப்பத்தின் உண்மையான தியாகம். சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ரத்தம் கொடுத்தேன், 131 வந்தது, 140ஐத் தொட்டால்தான் கர்ப்பகால சர்க்கரை. வெறும் வயிற்றோடு வரச் சொல்லாத இந்தப் பரிசோதனை முறையைப் பரப்பியது நம் சென்னை டாக்டர் வி. சேஷையா, அவர் பிறந்த மார்ச் 10ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். அந்தக் குளுக்கோஸ் தண்ணீரின் ருசியை மட்டும் யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

அசைவு நிறைய. ராத்திரி சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்தால் விலா எலும்புக்குக் கீழே ஒரு குதிகால் மெதுவாக இடமிருந்து வலமாக ஊர்ந்து போகிறது, கையை வைத்தால் நின்றுவிடுகிறது, எடுத்தால் மறுபடி. இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவாவது வேண்டும், குறைந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

என்ன குழந்தை என்று கேட்பவர்களுக்கு: தெரியாது, கேட்கவும் இல்லை, 1994 சட்டப்படி சொல்லவும் கூடாது. வயிறு கூராக இருப்பதால் பையன் என்று கீழ் வீட்டு மாமியும், முகம் களையாக இருப்பதால் பெண் என்று அத்தையும் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் ஜெயிக்கத்தான் போகிறார். பெயரும் முடிவாகவில்லை. நட்சத்திரம் தெரியாமல் முதல் எழுத்து தெரியாது என்பது அத்தை கட்சி, நல்ல தமிழ்ப் பெயராக இருந்தால் போதும் என்பது எங்கள் கட்சி. அவசரம் இல்லை, பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் போதும், பெயரை ஒரு வருஷம் வரை கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறக்கும் முன்னால் பிள்ளைக்கு எதுவும் வாங்கக்கூடாது என்பதை மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டோம், காசு மிச்சம். ஆச்சியின் பழைய சுங்குடிச் சேலைகள் இரண்டு, அப்பாவின் நைந்துபோன வேட்டிகளைக் கிழித்து ஓரம் அடித்த துணிகள் ஒரு அடுக்கு, எல்லாம் துவைத்து வெயிலில் காய்ந்து ஆஸ்பத்திரிப் பைக்குள் போய்விட்டன. ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறந்ததும் சேனை தொட்டு வைக்கிறேன் என்று யாரும் சர்க்கரைத் தண்ணீரோடு வர வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், அப்புறம் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும். சேனை வைப்பவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள், பெரியப்பா மாதிரி குணம் வர வேண்டும் என்றால் பெரியப்பா வந்து தூக்கி வைத்துக்கொண்டு பேசட்டும்.

பாக்கி இருப்பது தூளி. ராத்திரி சமமான படுக்கையில் மல்லாக்கத்தான் படுக்க வைக்கப் போகிறோம், பகலில் ஆள் பக்கத்தில் இருக்கும்போது தூளி வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். இந்த வீட்டுக் கூரையில் கொக்கி இல்லை, ஓட்டை போட ஹவுஸ் ஓனர் சம்மதிக்கவில்லை, இவர் ஜன்னல் கம்பி, கதவு நிலை, பரண் என்று எல்லாவற்றிலும் ஒரு மூட்டை அரிசியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டார். யாரிடமாவது இரும்புத் தூளி ஸ்டாண்ட் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வேளச்சேரி, மடிப்பாக்கம், தாம்பரம் எங்கே என்றாலும் சரி, பெரிய மழை பிடிப்பதற்குள் இவர் வந்து எடுத்துக்கொள்வார்.